இடது கைக்கு ஒரு வைஸ்

எதை வாங்கப் போனாலும் நாகையா முதலில் அதைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். நாற்காலி என்றால் காலை, விசிறி என்றால் கழுத்தை, குடை என்றால் கம்பியை. “ஆடுச்சுன்னா வேணாம் லா, பாஸ்” என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பார். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர்களில் பாதிப் பேரின் வீட்டுச் சாவி நாகையா வெட்டியது.

மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை அவருடையது. சாவியை வெட்டுவது நொடி வேலை. அதற்கு முன்பு இயந்திரத்தின் தாடையில் அதைச் சரியாக உட்கார வைக்கத்தான் நேரம் எடுத்துக்கொள்வார். பிடி நழுவினால் சாவி பாழ். கொடுப்பதும் வாங்குவதும் எப்போதும் வலது கையால். யாராவது இடது கையால் பணத்தை நீட்டினால், கை மாறும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த காலமும் உண்டு. இப்போது பேசாமல் வாங்கிக்கொள்கிறார்.

ஒரே மகள் மலர்விழி டெங்கிலில் குடியிருக்கிறாள். ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஓய்வு கிடைத்தால் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் தூண்டில் போடுவாள். புழு கோர்ப்பதில்லை. தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் நூலால் சுற்றிக் கட்டி, பூச்சி போலவும் பொடிமீன் போலவும் அவளே செய்துகொள்வாள். அத்தனை பாடுபட்டுப் பிடித்த மீனை மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுகிறாளே, அதுதான் நாகையாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தீபாவளிக்கு வந்திருந்தபோது அவள் பூச்சி கட்டுவதைப் பார்த்தார். குறட்டின் வாயில் முள்ளைக் கவ்வவிட்டு, குறட்டின் பிடியில் ரப்பர் வளையம் மாட்டியிருந்தாள். நூலை இழுக்கும்போதெல்லாம் முள் சாய்ந்தது. இதற்கென்று முள்ளைக் கவ்விப் பிடித்தபடி சுழலும் ‘வைஸ்’ என்ற கருவி இருக்கிறது, விலைதான் கட்டுப்படியாகவில்லை என்றாள். அடுத்த வாரமே நாகையா கடையைப் பூட்டிவிட்டு, கொமியூட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்குப் போனார்.

அங்கே லோகனின் தூண்டில் கடையில் வைஸ்களை மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். இருப்பதில் மலிவானதில் முள்ளை மாட்டிச் சுழற்றினார். முள் நின்ற இடத்தில் சுழலாமல் வட்டமடித்தது. இப்படி அலைந்தால் நூல் ஒரே சீராக எப்படி ஏறும் என்று அதை ஒதுக்கினார். விலை உயர்ந்தது கண்ணாடிபோல் மின்னியது, அதைத் தொடவேயில்லை. இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒன்று இருந்தது. அடிப்பலகை கனம். முள்ளை மாட்டி விரலால் சுண்டினார், அசையவில்லை. சுழற்றினார், முள் அதே கோட்டில் நின்று திரும்பியது. ஆட்டியும் பார்த்தார்.

“மகளுக்கு இதையே கட்டுங்க” என்றார்.

லோகன் பெட்டியை எடுத்தபடி கேட்டார்: “மகளுக்கு இடது கையா வலது கையா, அங்கிள்? இது ரெண்டு பக்கமும் திருப்பி மாட்டலாம். எந்தப் பக்கம்னு சொன்னா நானே மாட்டித் தரேன்.”

நாகையா வைஸின் கைப்பிடியை இன்னொரு முறை சுற்றினார்.

மலர்விழி இடது கைக்காரியாகப் பிறந்தவள். கரண்டி, பென்சில், வாசலில் சாக்குக்கட்டி, எல்லாம் இடது கைதான். கண்ணில் பட்ட இடமெல்லாம் படம் வரைவாள். கோயிலில் பிரசாதத்துக்கு அவள் இடது கையை நீட்டியதைப் பார்த்து யாரோ சிரிக்க, நாகையாவுக்கு அவமானமாகிவிட்டது. அன்று முதல், அவள் பாடம் எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கையைத் தன் கைக்குட்டையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். அடித்ததில்லை. அப்படித்தான் வெகுகாலம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். மனைவி பவுனம்மாள் விட்டுவிடச் சொல்லி மன்றாடினாள், கேட்கவில்லை. வருட முடிவில் குழந்தை வலது கையால் எழுதினாள். படம் வரைவது மட்டும் நின்றுபோனது. அது நின்றதையே அவர் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தார்.

“அங்கிள்?” என்றார் லோகன்.

“இடது” என்றார் நாகையா.

ஞாயிற்றுக்கிழமை மலர்விழி வந்தபோது, வைஸ் இடது கைக்குத் தோதாக மேசையில் நின்றது. அவள் அதைச் சுழற்றிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாள், அவர் ஒரு தூண்டில் முள்ளை எடுத்து நீட்டினார். முள்ளை மாட்ட வந்தபோதுதான் வைஸ் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைக் கண்டாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

“அந்தக் கையாலயே கட்டும்மா” என்றார் நாகையா. “அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பவுனம்மாள் குழாயை மூடினாள்.

மலர்விழி நூலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். சில சுற்றுகள் வந்தன. பிறகு நூல் தளர்ந்து சரிந்தது. மறுபடி தொடங்கினாள். இந்த முறை இழுத்த வேகத்தில் அறுந்துபோனது. விரல்கள் எதையோ ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்ப்பதுபோல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றன.

“இந்தக் கைக்கு வரலப்பா” என்றாள்.

“நான்தான்மா அன்னைக்கு…”

“தெரியும்பா. விடுங்க.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாகையா திருப்புளியை எடுத்து வந்தார். வைஸின் தண்டைக் கழற்றி, வலது கைக்கு வாகாகத் திருப்பி மாட்டினார். மலர்விழி வலது கையில் நூலைப் பிடித்தாள். இடது கை வைஸின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியது. நூல் இழையிழையாக முள்ளில் ஏறியது. அவள் தலை குனிந்து வேலையில் ஆழ்ந்துவிட்டாள்.

சுற்றிக்கொண்டே இருந்த அந்த இடது கையை நாகையா பார்த்தபடி நின்றார். பிறகு குனிந்து, வைஸில் ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியை இன்னொரு முறை முறுக்கினார்.