மாருக்குக் கட்டும் மல்லிகை

இன்று சாயங்காலம் சேந்தமங்கலம் பூக்கடையில் ஒரு பெண் மடி நிறைய உதிரி மல்லிகை வாங்கினாள். திண்ணனூர் நாட்டிலிருந்து மலையிறங்கி நடந்தே வந்தவள்.

"ஏனுங்க, ஊட்டுல விசேஷமுங்களா?" என்று பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்த நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"இல்லீங்க. மாருல வெச்சுக் கட்டுனா பால் வத்துமாம். புள்ள போயிருச்சுங்க, பால் நிக்க மாட்டேங்குது."

மலைக்காய்ச்சலாம். யுத்தத்தால் கொயினா மருந்து வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்களாம்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள். மார்புக்குள் திராட்சைக் கொத்துப் போன்ற சிறு பைகள் இருக்கின்றன, அவற்றின் சுவரிலுள்ள உயிரணுக்கள்தான் பாலைச் சுரக்கின்றன, பூவிதழிலும் வாசனை சுரக்கும் அணுக்கள் உண்டு என்றெல்லாம் படம் போட்டிருக்கிறேன். பிள்ளை செத்தது அந்த அணுக்களுக்குத் தெரியாது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அப்போது கடையோரம் யாருடைய குழந்தையோ வீறிட்டது. அவள் சேலையின் முன்புறம் சட்டென்று நனைந்தது. மடியிலிருந்த பூவை அள்ளி மாரோடு அழுத்திக்கொண்டாள்.

"அழுவாத சாமி," என்றாள் அந்தக் குழந்தையைப் பார்த்து. பிறகு மலைப்பக்கம் நடந்தாள்.

என் தலைக்கு வாங்கிய முழம் இன்னும் ஈரத்துணியில்தான் கிடக்கிறது. எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வருமா, சொல்லுங்கள்.