மேப்பில் நாங்கள்

ஆவணி முதல் ஞாயிறு, சூளகிரி. ஓசூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட எங்கள் பஸ் பஞ்சராகி நெடுஞ்சாலையோரம் நிற்கிறது. கொய்யாப்பழம் விற்கும் அம்மாவின் குடை நிழலில் நானும் மனைவியும் ஒதுங்குகிறோம். பெங்களூரிலிருந்து மகன் அழைக்கிறான்.

"ஏம்ப்பா, அரை மணி நேரமா ஒரே எடத்துல நிக்கறீங்க?"

நான் ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் இருவரின் போன்களையும் மேப்பில் கண்காணித்து வருகிறான். பாசம் என்று உறவினர்களிடம் நான் பெருமையடித்துக்கொள்கிறேன்.

"பையன் வெளிநாடா சார்?" என்கிறார் பழக்காரம்மா.

"இல்லம்மா, பெங்களூரு."

"அட, எதுத்தாப்புல பஸ் ஏறுனா பெங்களூரு. கடைசியா எப்ப வந்தாரு?"

"போகிக்கு வந்தான். பொங்கலன்னைக்கே கெளம்பிட்டான்." தேதிகள் எனக்கு மறப்பதில்லை.

மனைவி தன் போனில் மேப்பை அணைக்கிறாள். என்னுடையதையும் பிடுங்கி அணைக்கிறாள். "இனி பாக்கணும்னா பஸ் ஏறி வரட்டும்."

பஸ் கிளம்புவதற்குள் மகன் பதறி அழைக்கிறான். "அம்மா, ரெண்டு பேரையும் மேப்புல காணோம்!"

மனைவி என்னை வெற்றியோடு பார்க்கிறாள். அவன் தொடர்கிறான்:

"போன் பழசாயிடுச்சு போல. கவலப்படாதீங்க, நாளைக்கே புதுசா ரெண்டு அனுப்பறேன்."