வெள்ளிமலைச் சாலையில் ஒரு மந்தி

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கள்ளக்குறிச்சியில் ஜீப் ஏறினேன். வெள்ளிமலைக்கு ஆளுக்கு அறுபது ரூபாய். நாற்பது கிலோமீட்டர் சொச்சம். இலை தின்னும் மந்திகளைப் பார்க்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் ஏழுமலை, "அப்ப ஒரு டஜன் பழம் வாங்கிக்குங்க சார். சனிக்கிழம அனுமாருக்குப் போட்டுட்டு ஏறுனா வண்டிக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். எனக்குப் பக்தி கம்மி, படம் எடுக்கும் ஆசை ஜாஸ்தி. நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

எட்டே முக்கால். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் ஒரு வளைவில் ஜீப் நின்றது. ஆலமரத்தில் பத்துப் பதினைந்து மந்திகள். நம் ஊரில் ஓடு பிரிக்கும் குரங்கு அல்ல. சாம்பல் உடம்பு, அடுப்புக்கரி பூசிய முகம், சீப்புக்கு அடங்காத உச்சிமுடி, உடம்பைவிட நீண்ட வால். சாவகாசமாகக் கொழுந்து கிள்ளித் தின்றன. ஒரு தாயின் மடியில் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு குட்டி.

"வளர வளர வெளுத்துப்பூடுங்க" என்றார் ஜீப்பில் என் பக்கத்தில் சந்தைப் பையோடு இருந்த மலைக்காரப் பெண் பொன்னி. "பழம் போடாதீங்க. எல தின்னுக்கினு மேலயே கெடக்குற ஜீவன். போட்டுப் போட்டுத்தான் ரோட்டுக்கு எறங்குது."

நான் கேட்டேனா? படத்துக்காக ஒன்றே ஒன்று வீசினேன். தாய் குட்டியைப் பக்கத்துப் பெண்மந்தியிடம் கொடுத்துவிட்டு இறங்கியது. கொஞ்சம் பிடித்துக்கொள் என்று நம் வீட்டில் கொடுப்பார்களே, அப்படித்தான். சாலை நடுவே பழத்தை எடுத்த நேரம், வளைவில் பேருந்து இறங்கி வந்துவிட்டது.

ஒரு சத்தம். அவ்வளவுதான். பேருந்து ஓட்டுநர் இறங்கி, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை தன் துண்டால் மந்தியை மூடினார். "அனுமாரையே கொன்னுட்டமே சார்!" என்று அழுதார். கொன்றது நான். மேலே குட்டி வீரிட்டுக் கத்தியது.

"அது பொழைச்சுக்குமா?" என்று பொன்னியிடம் கேட்டேன்.

"குட்டிய வச்சிக்கினு இருக்கற மந்திக்குப் பால் இல்லீங்க. கூட்டத்துல வேற பால்மந்தி இருந்தா பொழைக்கும்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாலையோரம் குழி தோண்டி, ஜீப்பிலிருந்த திருநீற்றைப் பூசிப் புதைத்தோம். என்னையும் மூன்று பிடி மண் போடச் சொன்னார் ஏழுமலை. போட்டேன்.

ஞாயிறு மதியம் ஒன்றரைக்குத் திரும்பும்போது அதே வளைவில் பத்து நிமிடம் நின்று தேடினோம். கூட்டம் இருந்தது. கறுப்பாக எதுவும் கண்ணில் படவில்லை. இலை மறைவில் இருக்கும் என்றார் ஏழுமலை. எனக்காகச் சொன்னார்.

இரவு வீட்டுக்குள் நுழைந்ததுமே, "குரங்கு பாத்தியாப்பா?" என்று என் மகள் ஓடி வந்தாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.