டொலறஸ் அக்காவின் தலையணை

வார்டுக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டதும் டொலறஸ் அக்கா முதலில் செய்வது, சேலைக் கரையைச் சற்று உயர்த்தி இடக்காலின் காலுறையை உருட்டிக் கீழே விடுவதுதான். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை நீண்ட தழும்பு. "நெஞ்சைக் காட்டேலாது தம்பி, காலைப் பாருங்கோ. இஞ்ச எடுத்த நரம்பைத்தான் அங்க வைச்சுத் தைச்சவங்கள்," என்பார். பைபாஸ் செய்யப்போகிறவருக்கு இதுதான் அவருடைய குசலவிசாரிப்பு.

ஊரைவிட்டு வந்து சீமையில், டூட்டிங்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பவர். எண்பத்தெட்டாம் ஆண்டில் அவர் நெஞ்சைத் திறந்து மூடினார்கள். அந்த டொக்டரை இன்றைக்கும் "என்ர தையல்காரன்" என்றுதான் சொல்வார். ஊருக்கெல்லாம் பொரித்த சாமானைத் தடுத்துவிட்டு, பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் அரை வடை மட்டும் எடுப்பார். சற்று நேரத்தில் மிச்ச அரையும் காணாமல் போய்விடும்.

பைபாஸ் செய்தவருக்கு இருமல் வந்தால் நெஞ்சு பிளக்கும். எதையாவது நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். அதற்காகவே பழைய சேலைகளை வெட்டிச் சின்னத் தலையணைகள் தைக்கிறார் அக்கா. தமிழ் ஆட்கள் யாருக்கு ஒப்பரேஷன் என்று காதில் விழுந்தாலும் ஒன்றோடு போய் நிற்பார். யோகலிங்கம் என்றொருவருக்குக் கொடுத்தது மட்டும் திரும்பி வந்தது. மனிதர் ஒப்பரேஷனிலேயே போய்விட்டார். அந்தத் தலையணையை அக்கா வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. தன் கட்டிலில் வைத்திருக்கிறார்.

சென்ற ஐப்பசியில் மன்னார்ச் சவிரிமுத்துவுக்கு நாள் குறித்தார்கள். செய்யாமல் விட்டால் இன்னொரு குளிர்காலத்தை அவருடைய இதயம் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முதல் நாள், மனைவி அருமைநாயகி நல்லதென்று நினைத்து, அவருக்குச் சொல்லாமலே கோயில் சுவாமியாரை, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதலுக்கு அழைத்து வந்துவிட்டார். ஊரில் எண்ணெய்க் குப்பியோடு சுவாமியார் வீடேறினால் அடுத்து வருவது சவப்பெட்டிதான். நூறு பேரில் இரண்டு மூன்று பேர் தப்பமாட்டார்கள் என்று டொக்டர் சொன்னதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார் சவிரிமுத்து. ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா போய்க் காலைக் காட்டினார். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்கு மறைக்கினம் அக்கா. நான் சாகப்போறனோ?"

வந்தவர்களெல்லாம் சின்ன ஒப்பரேஷன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அக்காவுக்கு அந்தப் பொய் வாயில் வராது. யோகலிங்கத்தின் கதையைச் சொன்னார். தனக்கும் எண்ணெய் பூசித்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள் என்றார். ஒப்பரேஷனுக்குப் பிறகு காரணமில்லாமல் அழுததையும், மகளின் பெயர் மறந்து விழித்ததையும், கணுக்கால் இன்றும் மரத்துக் கிடப்பதையும் ஒளிக்கவில்லை.

"ஓம் தம்பி, நானும் நல்லாப் பயந்தனான். ஆனா முந்தி நாலு படி ஏற ஏலாது. இப்ப பஸ்ஸைப் பிடிக்க ஓடுறன்."

சவிரிமுத்து அக்கா கொண்டுவந்த தலையணையை வாங்கி மடியில் வைத்து, குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.

மறுநாள் அக்கா உப்பே போடாமல் கிழங்கை மசித்துத் திட்டு வாங்கினார். இன்னொரு தலையணை திரும்பி வந்துவிடுமோ என்று அன்று முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் அருமைநாயகி போன் எடுத்து, கண் முழித்துவிட்டார் என்று சொன்ன பிறகுதான் தேத்தண்ணி இறங்கியது.

வார்டுக்கு மாற்றியதும் பார்க்கப் போனார். ஒப்பரேஷனின்போது தொண்டைக்குள் குழாய் விட்டிருந்ததால் சவிரிமுத்துவுக்குக் குரல் எழும்பவில்லை. தலையணையை நெஞ்சோடு இறுக்கி ஒருமுறை இருமி முகத்தைச் சுளித்தார். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, பழக்கத்தில் சேலைக் கரையில் கை வைத்தார். அதற்குள் அவர் போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட தன் காலை மெல்ல வெளியே நீட்டினார்.