ரமணியின் காலும் கறுப்புப் புகையும்

காப்பார் சாலையில் லோரிப் பட்டறை வைத்திருக்கும் யுகேந்திரனைத் தெரியாத ஓட்டுநர் கிள்ளானில் இல்லை. ஐம்பத்து மூன்று வயது. கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். லோரி வாசலில் நுழையும்போதே புகையைப் பார்த்து நோயைச் சொல்லிவிடுவார். ஓட்டுநர் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். வெள்ளையா, தண்ணீர் உள்ளே கசிகிறது, இல்லையென்றால் டீசல் எரியாமல் வருகிறது. நீலமா, இன்ஜின் எண்ணெய் எரிகிறது. கறுப்பா, டீசல் அதிகம், காற்றுக் குறைவு. பத்தில் ஒன்பது சரியாகவே இருக்கும். அந்த ஒன்பதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசுவார். அவர் மனைவி வாணி பங்சாரில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறார். அவரிடம் மட்டும் இந்தப் பெருமை எடுபடாது.

இது அந்தப் பத்தாவது லோரியின் கதை.

லோரி ரமணியுடையது. நாற்பத்திரண்டு வயதுப் பெண். சொந்த லோரி, ஆறு சக்கரம். குடிநீர்ப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு காஜாங் வரை போய்க் கடை கடையாக இறக்குவார். திடீரென்று லோரி கரிக்கரியாகப் புகை கக்க ஆரம்பித்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் அரசு வாகனச் சோதனையில் புகைக்காகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து காட்டவில்லை என்றால் லோரி தெருவில் இறங்க முடியாது. ரமணிக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

யுகேந்திரன் முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றினார். புதிதுபோல் இருந்தது. சரி, காற்றில் குறையில்லை என்று முடிவுகட்டிவிட்டு, டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். ஓட்டுநர் அறையை முன்பக்கமாகச் சாய்த்து வைத்தபடியே இன்ஜினை முடுக்கிப் பார்த்தார். புகையே இல்லை. "முடிஞ்சுது ரமணி, எடுத்துட்டுப் போ" என்றார். அரை மணி நேரத்தில் ரமணி திரும்பி வந்தார், பின்னால் கறுப்பு மேகத்தோடு.

அங்கேதான் யுகேந்திரனுக்குக் கோபம் வந்தது. தன் வேலையில் குறை இருக்க முடியாது, ஆகவே குறை வேறு யாரிடமோ இருக்க வேண்டும். பட்டறையை ஒட்டிய ஷபீரின் தே தாரிக் தேநீர்க் கடையில் ஏழெட்டு ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே பொரிந்து தள்ளினார்.

"கண்ட எடத்துல மலிவா டீசல் ஊத்துனா புகையாம என்ன செய்யும்? உன் காலும் கனம்மா. நீ மிதிக்கிற மிதியில இன்ஜின் எப்படி மூச்சு விடும்?"

ரமணி அன்றே டாங்கியை முழுக்க வடித்துவிட்டுப் புது டீசல் ஊற்றினார். அதன்பின் பெடலை முட்டையின் மேல் கால் வைப்பதுபோல் மிதித்து ஓட்டினார். நெடுஞ்சாலையில் பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தே காதைக் கிழித்தார்கள். புகை குறையவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை மூன்றாம் முறையாக வந்தார். யுகேந்திரன் டீசல் பம்ப்பைப் பிரிக்கும் முடிவில் இருந்தார். மறுபடி அறையைச் சாய்த்து இன்ஜினை முடுக்கினார். சுத்தமாக இருந்தது. அவருக்கே தலை சுற்றியது.

"அண்ணே, எறக்கிட்டு ஒரு தடவ முடுக்கிப் பாருங்களேன்" என்றார் ரமணி.

இறக்கினார். முடுக்கினார். குபீரென்று கறுப்பு.

யுகேந்திரன் இன்ஜினை நிறுத்தினார். பிறகு ஏணியை எடுத்தார். ஓட்டுநர் அறையின் முதுகில் ஒரு காற்றுக் குழாய் உயரமாக நிற்கும். அறையைச் சாய்த்தால் குழாயும் கூடவே போய்விடும், இன்ஜின் வெளிக்காற்றை நேராக இழுக்கும். இறக்கினால்தான் குழாயின் அடிவாய் வடிகட்டிப் பெட்டியில் வந்து உட்காரும். சாய்த்தால் சுத்தம், இறக்கினால் கறுப்பு என்றால் கோளாறு இன்ஜினில் இல்லை, குழாயில். அதனால்தான் வடிகட்டியும் புதிதுபோல் இருந்திருக்கிறது. அழுக்கு அதுவரை வந்து சேரவே இல்லை.

குழாயின் மேல்மூடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். வளைவில் இறுகிக் கிடந்த ஒரு கட்டி வந்தது. காய்ந்து கறுத்த செவ்வந்தி, நைலான் நூல், கொஞ்சம் ஜிகினா.

அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன் ஆயுத பூஜை. வாடிக்கையாளர்களின் லோரிகளை வரிசையாக நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூஜை போடுவது பட்டறை வழக்கம். இந்த லோரிக்கு மட்டும் மாலை கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டது. கோபுரக் கலசம்போல அழகாக இருக்கட்டும் என்று ஏணி போட்டு ஏறி அந்தக் குழாயின் வாயில் சுற்றிக் கட்டியவர் வேறு யாருமில்லை, அவரேதான். மழையில் நனைந்து அறுந்ததை இன்ஜின் உள்ளே இழுத்துவிட்டது. காற்றில் பறந்துபோயிருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ரமணி கீழே அந்தப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். ஏணிக்குக் கீழேயே குப்பைத் தொட்டி. கட்டியை அதில் போட்டுவிட்டு "பம்ப்ப சரி பண்ணிட்டேன்" என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யுகேந்திரன் நல்லவர்தான், ஆனால் அந்த ஒரு நிமிடம் அவர் அப்படி ஒன்றும் நல்லவராக இல்லை.

இறங்கினார். கட்டியைக் கையில் பிடித்தபடி நேராக ஷபீர் கடைக்குப் போனார்.

"எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு ரமணியோட டீசலையும் காலையும் குறை சொன்னேன். ரெண்டுலயும் ஒரு குத்தமும் இல்ல. பூஜைக்கு நான் கட்டுன மாலதான் கொழாய்க்குள்ள போயி அடச்சிருக்கு. தப்பு என்னோடது."

"பாஸ், பூ சாப்ட்ட லோரிய இப்பதான் பாக்குறேன் லா!" என்றார் ஷபீர். கடையே சிரித்தது. யுகேந்திரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பின்னாலேயே வந்து நின்ற ரமணி சிரிக்கவில்லை.

"பன்னெண்டு வருசமா ஓட்டுறேன்ணே" என்றார் மெதுவாக. "இந்தப் பத்து நாளா என் கால நானே நம்பல. நமக்கு ஓட்டவே தெரியலபோலன்னு நெனச்சிட்டேன். லோரிய வித்துடலாமான்னுகூட யோசிச்சேன்."

யுகேந்திரனின் சிரிப்பு நின்றது. டீசலை வடிக்க வைத்தது மட்டும்தான் தன் தவறு என்று அதுவரை நினைத்திருந்தார். "மன்னிச்சிரும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை சோதனைக்குக் கிளம்பிய லோரியில் யுகேந்திரனும் கூடவே ஏறிக்கொண்டார். பாலத்தின் ஏற்றம் வந்ததும் ரமணியின் கால் தானாகத் தயங்கியது. லோரி முனகியது.

"மிதிம்மா" என்றார் யுகேந்திரன். "முழுசா மிதி."

ரமணி அவரை ஒரு பார்வை பார்த்தார். மிதித்தார். லோரி ஏற்றத்தில் ஒரே மூச்சாக ஏறியது. பக்கக் கண்ணாடியில், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரரின் சட்டைப் பொத்தான்வரை தெளிவாகத் தெரிந்தது. ரமணி வாய்விட்டுச் சிரித்தார், காலை எடுக்கவே இல்லை.