துட்டி வீட்டில் பிடுங்கிய போன்

என் மகளோடு பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் அம்மா திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டாள். வீடு கீழக்குயில்குடியில். ஆபீசில் லீவு தராததால் உடல் எடுப்புக்குப் போக முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கிளப்பினேன்.

"வாடி, துட்டி கேட்டுட்டு வருவோம்."

"நான் அவகூட மெசேஜ்ல பேசிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தாயப் பறிகுடுத்தவளுக்கு மெசேஜா? நேர்ல போயி கையப் பிடிச்சு நாலு வார்த்தை பேசத் துப்பில்ல. வாய் எதுக்கு இருக்கு, சோறு திங்க மட்டுமா?"

தல்லாகுளத்தில் திட்ட ஆரம்பித்த நான் காளவாசல் சிக்னலிலும் வாயை நிறுத்தவில்லை. பக்கத்து பைக்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஸ்கூட்டியின் பின்னால் மகள் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

துட்டி வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பெண்ணின் சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆபீசில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர், துக்கத்திலும் எனக்குப் பேச்சு வரும். பிறகு அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

"கடைசியா உங்கிட்ட என்னம்மா பேசுனாங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

எனக்குப் பின்னால் வந்த பெண்களும் அதையே கேட்டார்கள். அவளும் அதையே சொன்னாள், குரல்கூட மாறவில்லை. ஒவ்வொரு முறையும் எல்லோரும் உச்சுக் கொட்டினோம்.

என் மகள் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தாள். சித்தி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு மானம் போயிற்று.

"செத்த வீட்டுலகூட இதானா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கத்திக்கொண்டே போனைப் பிடுங்கினேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

திரையில் இருந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் பெயர். ஆங்கில எழுத்தில் தமிழ். படிக்க வேண்டுமென்று படிக்கவில்லை, கண் படித்துவிட்டது. 'அம்மா சாப்பிட்டியான்னு கேக்கவே இல்லடி. அன்னைக்குச் சண்டை. காலைல அம்மாகிட்ட பேசாமலே ஸ்கூலுக்கு வந்துட்டேன். எல்லாரும் அதையே கேக்குறாங்க. செத்துரலாம் போல இருக்கு.' அதற்குக் கீழே என் மகள் பாதி அடித்த பதில்: 'நான் பக்கத்துலயே இருக்கேன். நீ எதுவும் பேச வேணாம், இங்கயே'

நிமிர்ந்தேன். அந்தப் பெண் துப்பட்டாவுக்கு அடியில் தன் போனைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குச் சாவு வீடு கல்யாண வீடு எல்லாம் ஒண்ணுதான்" என்றாள் சித்தி. இல்லை, தப்பு என்மேல்தான் என்று சொல்லியிருக்கலாம். பாவி நான், ஆமாமென்று தலையை ஆட்டினேன். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துட்டி வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. முறைதான். ஆனால் அன்றைக்கு அந்த முறை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! சாத்திய கதவைத் தட்டாமல், யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் போனை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போனாள். அந்தப் பெண்ணோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றேன். அறை பத்தடி தூரம்கூட இல்லை. போக முடியவில்லை. போனை எடுத்து, 'அம்மா பண்ணது தப்புதான். மன்னிச்சுக்கடா' என்று அடித்து அனுப்பினேன். டிக் இரண்டும் நீலமாயின.

கதவு திறந்தது. அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"திட்டுனது அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சு. இது மட்டும் போன்லயாம்மா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. நான் பேசுவேன் என்று நின்றுகொண்டே இருந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. எனக்கு வாய் வரவில்லை.