உழாமல் விட்ட துண்டு

தேவாரத்துக்கு மேற்கே, மலையைத் தொட்டுக்கொண்டு எங்கள் நிலம் இருக்கிறது. மலைப் பக்கத்து ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் எங்கள் குடும்பத்தில் யாரும் உழுததில்லை. வாகையும் ஆத்தியும் உசிலையும் தானாக முளைத்து அடர்ந்து கிடந்தன. இறங்கி வரும் யானை அதைத் தின்றுவிட்டுத் திரும்பட்டும் என்று விட்ட இடம் அது. தை மாதம் அங்கேதான் பொங்கல் வைத்து, "இதோட நின்னுக்க சாமி" என்று மலையைப் பார்த்துக் கும்பிடுவோம்.

இரண்டு கோடைக்கு முன்னால் கிணற்றின் அடி தெரிந்தது. தென்னங்கன்றுகளின் குருத்து வாட ஆரம்பித்தது. சொட்டுநீர்க் குழாய் போட்டால் இருக்கிற தண்ணீரில் பிழைத்துவிடும். கைக்காசில் போட வழியில்லை என்று மானியத்துக்கு எழுதிப் போட்டோம்.

இடம் பார்க்க அதிகாரி வந்தார். கிணற்றையும் கன்றையும் மட்டும் காட்டி அனுப்புங்கள் என்று வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் கேட்டால்தானே! நேரே அந்த ஓரத்துக்குக் கூட்டிப் போனார்.

"அங்கன பாருங்க சார், ஒரு கொப்பக்கூட நாங்க ஒடிச்சதில்ல. யானை வந்தா அதோட திரும்பிரும்."

மெச்சுவார் என்று நினைத்திருக்கிறார். அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார். காட்டை ஒட்டிய நிலம், இயற்கையான மரம், யானை நடமாட்டம். ஆகவே வனத்துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை.

வனத்துறையில், "பட்டா நிலத்துக்கு நாங்க எதுக்குச் சான்று தரணும்?" என்றார்கள். மானிய அலுவலகத்துக்கு வந்தால், அது இல்லாமல் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் புல்டோசர் விட்டு மலையோரத்தை மொட்டையடித்தவர். அவருக்கு ஒரு கேள்வி இல்லை, குழாய் வந்து இறங்கிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

கடைசியில் அந்த மானிய அலுவலகத்தில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நான் சொன்னதா சொல்லிராதீக. அந்த ஓரத்தச் சுத்தம் பண்ணிட்டு மறுபடி எழுதிப் போடுங்க. போட்டோவுல பச்சை தெரியக் கூடாது."

அதற்குள் பாதிக் கன்று செத்திருந்தது. மீதியாவது பிழைக்கட்டும் என்று அறுவை மிஷினை வரச் சொன்னோம். வீட்டுக்காரர் தேனியில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். நான்தான் நின்று பார்த்தேன். இனி யானை நேரே தென்னைக்குத்தான் வரும். அதை எந்த விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

அதே அதிகாரி மறுபடி வந்தார். அடிக்கட்டைகளுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்து, "இப்ப சரியா இருக்கு" என்றார். குழாயும் வந்தது.

குழாய் போட்டதைப் பார்க்க வந்த அன்று ஜீப்பிலிருந்து மரக்கன்றுகளை இறக்கி வைத்தார். விவசாயிகள் மரம் வளர்க்க அரசு இலவசமாகத் தருகிறதாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள்.

"எங்கன சார் நடச் சொல்றீக?" என்று கேட்டேன்.

"அந்த மலைப் பக்கம் சும்மாதானம்மா கிடக்கு, அங்க வைங்க" என்றார்.

வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.